கிழிஞ்சது ரப்பர்தானேன்னு விட்டா...

போன மாசம் ஒரு சனி, ஞாயிறு முழுக்க எங்க வீட்டு வாசல்ல காருக்கு அடியிலயே கிடந்தேன். கை, முழங்கை, முதுகு, மூக்கு நுனி எல்லாம் கருப்பு கிரீஸ். வீட்டம்மா பார்த்துட்டு, "தீபாவளிக்கு எண்ணெய் தேய்ச்சுக்கச் சொன்னா மட்டும் ஓடுவீங்க"ன்னு ஒரு போடு போட்டாங்க. விஷயம் வேற ஒண்ணுமில்ல. காரோட முன்சக்கர ஆக்ஸில் பூட்டை நானே கழட்டி மாத்தினேன். ஒரு பக்கம் ஜெயிச்சாச்சு. இன்னொரு பக்கம் படுதோல்வி. அந்தத் தோல்வி ஸ்பானர் பிடிக்கத் தெரியாததால வந்ததில்ல. ஸ்பானரைத் தொடறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே தோத்துட்டேன். அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

கார் இல்லாதவங்களும் தைரியமா படிக்கலாம். வீட்டுல தண்ணி மோட்டார், மிக்ஸி, வாஷிங் மெஷின்னு ஏதோ ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்குமில்ல, அதுக்கும் இது பொருந்தும்.

அது என்ன பூட்டு?

பூட்டுன்னதும் திண்டுக்கல்லுக்குப் போயிடாதீங்க. சாமான் வைக்கிற டிக்கியும் இல்ல. இப்ப ஓடற சின்னக் கார்கள்ல பெரும்பாலானது முன்சக்கரம் இழுக்கற வண்டி. கியர் பாக்ஸுல இருந்து ரெண்டு முன்சக்கரத்துக்கும் ஆளுக்கு ஒரு இரும்புத் தண்டு போகும். டிரைவ் ஷாஃப்ட்னு பேரு, ஒர்க் ஷாப்புல 'ஆக்ஸில்'னாலே போதும். சக்கரம் மேடு பள்ளத்துல ஏறி இறங்கும், ஸ்டீயரிங்கை ஒடிச்சா சக்கரமும் திரும்பும். வெறும் நேர்த்தண்டு இதுக்கெல்லாம் வளைஞ்சு குடுக்காது. அதனால தண்டோட ரெண்டு முனையிலயும் ஒரு மூட்டு இருக்கும். அதுதான் சி.வி. ஜாயின்ட். நமக்கு முழங்கால் மாதிரின்னு வெச்சுக்கங்க.

மூட்டுன்னா உள்ள கிரீஸ் வேணும். அந்த கிரீஸ் வெளிய வராம, மண்ணும் தண்ணியும் உள்ள போகாம, மேல ஒரு ரப்பர் உறை. ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கும், ரெண்டு ஓரத்துலயும் கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கும். அந்த உறைதான் பூட்.

அது பார்க்கற வேலையைக் கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்க. 12 இன்ச் ரிம் போட்ட சின்னக் கார் டயர் ஒரு கிலோமீட்டருக்கு சுமாரா 600 சுத்து சுத்தும். கண்ணமங்கலத்துல கிளம்பி 50 கிலோமீட்டர் போனா 30,000 சுத்து. பூட்டும் கூடவே சுத்தும். வண்டி திரும்பும்போது ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு பக்கத்து மடிப்பு விரியும், எதிர்ப்பக்கத்து மடிப்பு சுருங்கும். அதுக்கு மேல வெயில், மண்ணு, முள்ளு. கொஞ்சம் வருஷத்துல ரப்பர் காய்ஞ்சு, மடிப்புல வெடிப்பு விடறது இயற்கை. இதுல எந்த கம்பெனியையும் குத்தம் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. அதனால என் வண்டியோட பேரும் வேணாம்.

கொஞ்சம் பழங்கதை

நம்ம அம்பாசிடர், பிரீமியர் பத்மினி எல்லாம் பின்சக்கரம் தள்ளற வண்டிங்க. அதுல நீளமா ஒரு புரொப்பல்லர் ஷாஃப்ட், அதுக்கு முனையில 'கிராஸ்'னு சொல்ற மூட்டு. அந்த மாதிரி மூட்டை 17-ம் நூற்றாண்டுலயே ராபர்ட் ஹூக் ஆராய்ஞ்சு எழுதிட்டார். அதுல ஒரு சங்கடம் உண்டு. வளைஞ்ச நிலையில சுத்தும்போது, இந்தப் பக்கம் ஒரே சீரா சுத்தினாலும் அந்தப் பக்கம் ஒரு சுத்துக்குள்ள ரெண்டு தடவை வேகம் கூடும், ரெண்டு தடவை குறையும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டுல ரெண்டு முனையிலயும் கிராஸ் வெச்சு ஒண்ணுக்கு ஒண்ணு சரிக்கட்டிடலாம். ஆனா முன்சக்கரத்துல வளைவு ரொம்பப் பெரிசு, ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்ப மாறிக்கிட்டே இருக்கும். கிராஸைப் போட்டா ஸ்டீயரிங் கையில உதறும்.

இதுக்கு 1920-கள்ல ஃபோர்டு கம்பெனி இன்ஜினியர் ஆல்ஃபிரட் ஷெப்பா ஒரு வழி கண்டுபிடிச்சார். கிண்ணம் மாதிரி ஒரு கூடு, உள்ள வரிவரியா பள்ளம், அந்தப் பள்ளத்துல எஃகு குண்டுங்க. பொதுவா ஆறு குண்டு இருக்கும். எவ்வளவு வளைஞ்சாலும் குண்டுங்க எல்லாம் அந்த வளைவோட சரிபாதியில போய் நிக்கும். அதனால இந்தப் பக்கம் என்ன வேகமோ அதே வேகம்தான் அந்தப் பக்கமும். சி.வி.ன்னாலே மாறாத வேகம்னுதான் அர்த்தம். 1959-ல இங்கிலாந்துல வந்த மினி கார் இந்த மூட்டை வெச்சுத்தான் சின்னக் கார்னா எப்படி இருக்கணும்னு காட்டுச்சு. நம்ம நாட்டுல முன்சக்கர இழுவையைத் தெருவுக்குத் தெரு கொண்டு வந்தது மாருதி 800. 1983 டிசம்பர் 14-ம் தேதி முதல் சாவியை இந்திரா காந்தி கையால குடுத்தாங்க.

எதுக்கு இவ்வளவு கதைன்னா, அந்த மாற்றத்துல நாம ஒரு பழக்கத்தைத் தொலைச்சுட்டோம். அதை எனக்குப் புரிய வெச்சவர் எங்க தெருவுல இருக்கற பெரியவர். அரசு பஸ் டிப்போவுல மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர். தெருவே அவரை மாமான்னுதான் கூப்பிடும். நான் காருக்கு அடியில கிடக்கறதைப் பார்த்துட்டு வந்து குந்தினார்.

"இன்னாப்பா இது, கிரீஸ் நிப்பிளே காணோம்?"

"இது சீல் பண்ணது மாமா. ஆயுசுக்கும் கிரீஸ் அடிக்க வேணாம்."

"யாரு ஆயுசுக்கு?"

என்கிட்ட பதில் இல்ல.

அவங்க பஸ்ஸுல கிராஸுக்கு நிப்பிள் இருக்கும். இத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கா கிரீஸ் கன்னை வெச்சு அடிச்சே ஆகணும். அடிக்கறதுக்காக ஒருத்தன் அடியில போவான். போனவன் கண்ணை மூடிக்கிட்டா இருப்பான்? எண்ணெய் ஒழுகுதா, பட்டை விரிஞ்சிருக்கா, நட்டு ஆடுதான்னு நாலையும் பார்த்துட்டுத்தான் வெளிய வருவான். கிரீஸ் அடிக்கற வேலை போனப்ப, அந்தப் பார்வையும் கூடவே போயிடுச்சு. பராமரிப்பே வேணாம்னு சொன்ன பொருளை நாம திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல. ஆனா அந்தப் பராமரிப்பு வேணாம்ங்கறது ரப்பர் கிழியாம இருக்கற வரைக்கும்தான். என் கருத்து இதுதான்: சி.வி. ஜாயின்ட்டுக்கு நாம செய்யவேண்டிய ஒரே பராமரிப்பு, குனிஞ்சு பார்க்கறது. அந்த வேலை மெக்கானிக்கோடது இல்ல, வண்டி வெச்சிருக்கறவனோடது.

என் லட்சணம்

இப்ப என் கதை. அறுவடை நாள்ல எங்க பக்கத்து ரோட்டுல போயிருக்கீங்களா? உளுந்து, கொள்ளு, கேழ்வரகுன்னு ரோட்டுலயே பரப்பி வெச்சிருப்பாங்க. போற வர்ற வண்டிதான் போர் அடிக்கற மாடு. அந்தக் கொடி தண்டுல சுத்திக்கிட்டா, பூட்டை இழுத்துக் கிழிக்கும். என் வண்டியிலயும் அதுதான் நடந்திருக்கணும். கழட்டினப்ப இடது பக்கத் தண்டுல காய்ஞ்ச கொடி கயிறு திரிச்ச மாதிரி சுத்தியிருந்துச்சு.

ரெண்டு மாசம் முன்னாடி பஞ்சர் ஒட்டக் கழட்டினப்பவே இடது சக்கரத்துக்கு உள்பக்கம் கருப்பா கிரீஸ் தெறிச்சிருந்ததைப் பார்த்தேன். பஞ்சர் கடைத் தம்பியும், "அண்ணே, பூட் போயிருக்குது பாருங்க"ன்னு சொன்னான். ரப்பர்தானே, சர்வீஸுக்கு விடும்போது பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். அவன் சொன்ன அன்னிக்கே பூட்டை மாத்தியிருந்தா மூட்டு தப்பிச்சிருக்க நல்ல வாய்ப்பு இருந்துச்சு. கிழிஞ்ச பூட்ல இருந்து கிரீஸ் ஒரே நாள்ல காலியாகாது. சுத்தற வேகத்துல கொஞ்சம் கொஞ்சமா வெளிய விசிறும். அந்த இடத்துக்கு மண்ணு வரும். மிச்ச கிரீஸோட மண்ணு சேர்ந்தா, உப்புத்தாள் வெச்சுத் தேய்க்கற மாதிரிதான்.

அப்புறம் ஒருநாள் சொந்தக்காரங்களைக் கூட்டிக்கிட்டு போளூர் வழியா ஜமுனாமரத்தூர் போனோம். மலைமேல சாமை வாங்கற வேலையும் இருந்துச்சு. கொண்டை ஊசி வளைவுல வலது பக்கம் ஒடிச்சு ஏத்தும்போது 'டக் டக் டக்'. நேரா வந்தா சத்தம் இல்ல. அடுத்த வளைவுல மறுபடி 'டக் டக்'. பின்சீட்டுல இருந்த பெரியம்மா, "வண்டிக்குள்ள கோழி ஏதாச்சும் இருக்குதா?"ன்னு கேட்டாங்க :-) எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு மட்டும் அந்தக் கருப்பு கிரீஸ் ஞாபகம் வந்துச்சு. மூட்டு ஒரேயடியா கழண்டா, எந்த கியர் போட்டாலும் வண்டி நகராது. அந்த மலைப்பாதையில வயசானவங்களை வெச்சுக்கிட்டு ராத்திரியில நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு இன்னிக்கு நினைச்சாலும் வயித்தைக் கலக்குது.

மெக்கானிக் திருடனா?

ஊருக்கு வந்து ஒரு ஒர்க் ஷாப்புல காட்டினேன். "ரெண்டு பக்கமும் ஆக்ஸிலையே மாத்திடுங்க சார்"னார். பூட் கிட்டுன்னா சில நூறு ரூபாய்ல முடியும். ஆக்ஸில் முழுசான்னா ஆயிரக்கணக்குல போகும். 'பார்த்தியா, நம்மளை மொட்டை அடிக்கப் பார்க்கறான்'னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே வீட்டுக்கு வந்துதான் நானே செய்யறதுன்னு முடிவு பண்ணேன்.

செஞ்சு முடிச்ச பிறகு அவரைத் திட்ட மனசு வரல. யோசிச்சுப் பாருங்க. பூட் மாத்தறதுக்கும் ஆக்ஸிலைக் கழட்டித்தான் ஆகணும். கூலி அதிகம், சாமான் விலை கம்மி, கையெல்லாம் கிரீஸ். அதுக்கு மேல, உள்ள மண்ணு போய் ஏற்கெனவே தேய்ஞ்ச மூட்டுக்குப் புது பூட் போட்டு அனுப்பினா, அடுத்த வாரமே 'டக் டக்'னு சத்தம் வரும். அப்ப நாம போய் யாரைக் கத்துவோம்? அவரைத்தான். அதனால அவர் பத்திரமான பதிலைச் சொல்றார். நாம ரெண்டு மாசம் லேட்டா வந்துட்டு அவரை திருடன்னு சொல்றது என்ன நியாயம்?

வேலை

இது முழுச் செய்முறை இல்ல. வண்டிக்கு வண்டி மாறும், அந்தந்த வண்டி மேனுவலைப் பார்க்காம தொடாதீங்க. என் வண்டியில நடந்ததைச் சொல்றேன்.

முதல் வேலை, சக்கரம் தரையில இருக்கும்போதே நடுவுல இருக்கற ஹப் நட்டைத் தளர்த்தறது. நட்டோட விளிம்பைத் தண்டுல இருக்கற பள்ளத்துக்குள்ள தட்டி விட்டிருப்பாங்க, அதை முதல்ல நிமிர்த்தணும். பையன் பிரேக்கை மிதிக்க, நான் நீள பைப்பை மாட்டி மேல ஏறி நிக்க, 'டப்'னு ஒரு சத்தத்தோட அது விட்டுக்குடுத்துச்சு. அதுக்கப்புறம் பின்சக்கரத்துக்குக் கல்லு வெச்சு, ஜாக்கி ஏத்தி, ஸ்டாண்ட் வெச்சு, சக்கரத்தைக் கழட்டினேன்.

மாமா உடனே, "கழட்டுன வீலை பாடிக்கு அடியில தள்ளு"ன்னார். ஸ்டாண்ட்தான் இருக்கே மாமான்னேன். "தள்ளுப்பா"ன்னார். எரிச்சலோட தள்ளினேன். வலது பக்கம் செய்யும்போது மண்தரையில ஸ்டாண்ட் ஒரு ஓரமா இறங்கி, வண்டி ஒரு சாண் சாய்ஞ்சு அந்தச் சக்கரத்து மேல 'தொப்'னு உக்காந்துச்சு. அந்த நேரம் பையன் ஸ்பானரை எடுத்துக் குடுக்கக் கையை நீட்டிக்கிட்டு இருந்தான். எட்டாவது படிக்கறவன். கைக்கும் வண்டிக்கும் நடுவுல அந்தச் சக்கரம் மட்டும்தான். பத்து நிமிஷம் யாரும் பேசல. அப்புறம் சிமென்ட் போட்ட இடத்துக்கு வண்டியைத் தள்ளி, ஸ்டாண்டுக்கு அடியில பலகை வெச்சு ஆரம்பிச்சோம். பையனைத் திண்ணைக்கு அனுப்பிட்டேன். இந்தப் பதிவுல வேற எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க: வெறும் ஜாக்கி மேல நிக்கற வண்டிக்கு அடியில தலையை விடாதீங்க, செங்கல் அடுக்கி அது மேல வண்டியை நிறுத்தாதீங்க.

மத்ததெல்லாம் பொறுமை வேலை. கியர் ஆயிலை வடிச்சுக்கணும், இல்லாட்டி ஆக்ஸிலை உருவினதும் வாசல் பூரா ஆயில் கோலம்தான். கீழ பால் ஜாயின்ட்டைக் கழட்டினா சக்கரத்தைத் தாங்கற பாகம் வெளிப்பக்கம் சாயும். பிரேக் ஹோஸை இழுக்காம பார்த்துக்கணும். கியர் பாக்ஸ் பக்கத்தைக் கடப்பாரை மாதிரி ஒரு கம்பியால நெம்பித்தான் எடுக்கணும். தண்டைப் பிடிச்சு இழுத்தா உள்மூட்டு தனியா கழண்டுக்கும்.

பல சின்னக் கார்ல சக்கரத்துப் பக்க மூட்டைத் தண்டுல இருந்து பிரிக்க முடியாது. அதனால உள்மூட்டைப் பிரிச்சு, அந்த வழியாத்தான் வெளிப்பக்க பூட்டை நுழைக்கணும். உள்மூட்டுல மூணு உருளை இருக்கும். எது எந்தப் பக்கம் இருந்ததுன்னு பெயின்ட்டால குறி வெச்சுட்டு லாக்கை எடுக்கணும். பழைய கிரீஸை மண்ணெண்ணெய்ல நல்லா கழுவி, காய வெச்சு, வெளிச்சத்துல பார்க்கணும்.

அங்கதான் என் தீர்ப்பு எழுதியிருந்துச்சு. இடது மூட்டுல குண்டு ஓடற பள்ளம் எல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியா இருந்துச்சு. விரலை வெச்சா நகம் மாட்டுது. புது பூட், புது கிரீஸ் எது போட்டாலும் அது தேறாது. வலது பக்கம் பூட்ல வெடிப்பு விட்டிருந்தாலும் இன்னும் திறக்கல. உள்ள மூட்டு கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு. ஒரே வண்டி, ஒரே ரோடு, ஒரே வயசு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு ரப்பர் கிழிசல்தான் வித்தியாசம்.

வலது பக்கத்துக்கு, கிட்டோட வந்த கருப்பு மாலிப்டினம் கிரீஸை முழுப் பாக்கெட்டும் மூட்டுக்குள்ளயும் பூட்டுக்குள்ளயுமா போட்டேன். வீட்டுல இருக்கற வேற கிரீஸைப் போடக்கூடாது. கிளாம்ப்பை இறுக்கறதுக்கு முன்னாடி பூட் உதட்டை ஸ்க்ரூட்ரைவரால லேசா தூக்கி, உள்ள மாட்டின காத்தை வெளிய விடணும். இல்லாட்டி மடிப்பு உப்பிக்கிட்டோ ஒட்டிக்கிட்டோ நின்னு சீக்கிரம் கிழியும். இடது பக்கத்துக்கு வேலூர் போய்ப் புது ஆக்ஸில் வாங்கிக்கிட்டு வந்தேன். ரெண்டையும் மாட்டி, புது ஹப் நட் போட்டு, மேனுவல்ல சொன்ன அளவுக்கு இறுக்கி, கியர் ஆயில் ஊத்தி, ஞாயிறு சாயங்காலம் காலி மனையில ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு ரெண்டு பக்கமும் வட்டம் அடிச்சேன். சத்தம் இல்ல. கோழி போயிடுச்சு :-)

சரி, அதனால?

மெக்கானிக் ரெண்டு ஆக்ஸில்னார், நான் ஒரு ஆக்ஸில், ஒரு பூட்டோட முடிச்சேன். ஆனா டார்க் ரென்ச், பெரிய சாக்கெட், ஸ்டாண்டுன்னு வாங்கினதைக் கூட்டினா மிச்சம் ஒண்ணும் பெரிசா இல்ல. காசு மிச்சம் பண்ண வீட்டுல செய்யுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். முடிஞ்சவங்க ஒரு தடவை செய்யுங்க, இல்லாட்டி மெக்கானிக் செய்யும்போது பக்கத்துல நின்னு பாருங்க. அந்தக் குழி விழுந்த பள்ளத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்தவன் அடுத்த தடவை கிரீஸ் தெறிச்சதைப் பார்த்துட்டு 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு சொல்ல மாட்டான்.

2022 ஜூலையில மத்திய அரசோட நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கற உரிமைக்காக ஒரு குழு போட்டாங்க. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு சாதனம், வாகனம்னு நாலு துறையை எடுத்துக்கிட்டாங்க. அந்த வருஷம் டிசம்பர் 24-ம் தேதி அதுக்குன்னு ஒரு இணையதளமும் திறந்தாங்க. நல்ல விஷயம். மேனுவலும் உதிரி பாகமும் எல்லாருக்கும் கிடைக்கணும், தமிழ்லயும் கிடைக்கணும். ஆனா உரிமை கிடைச்ச அன்னிக்கு நம்ம கையில இருக்கறது ஏற்கெனவே செத்துப்போன மூட்டா இருந்தா, அந்த உரிமையை வெச்சு என்ன பண்றது?

எலக்ட்ரிக் கார் வந்தா இந்தத் தொல்லையே இருக்காதுன்னு சிலர் சொல்றாங்க. மோட்டார்ல இருந்து சக்கரத்துக்குப் போற தண்டும், மூட்டும், ரப்பரும் அதுலயும் உண்டு. இன்ஜின் ஆயில் மாத்தற சாக்குல அடியில போற வழக்கம்தான் அதுல இல்ல.

அதனால மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுசா ஒடிச்சு நிறுத்துங்க, இன்ஜினை அணைங்க, சக்கரத்துக்குப் பின்னால டார்ச் அடிச்சு மடிப்பைப் பாருங்க. அப்புறம் மறுபக்கம். ஈரமா கருப்பு தெரிஞ்சா அந்த வாரமே ஒர்க் ஷாப்புக்குப் போங்க. இதுக்கு ஜாக்கி வேணாம், ஸ்பானர் வேணாம்.

டிஸ்கி: பஞ்சர் கடைத் தம்பியை நேத்து பார்த்தேன். "பூட்டை மாத்திட்டீங்களாண்ணே?"ன்னான். மாத்திட்டேன்டான்னு மட்டும் சொன்னேன். ஆக்ஸில் கதையைச் சொல்ல வாய் வரல.